கார் இல்லாதவருக்கும் அங்கே இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மோட்டார் பக்கத்தில் வந்திருந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் இடத்துக்கு அவர் ஆசையாகப் போனாராம். என்ஜின், கார்புரேட்டர், உதிரி பாகம் என்று பேசுவார்கள் எனப் பார்த்தால் ஒருவர் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார், ஒருவர் கடனைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் கடவுளைப் பற்றிப் பேசுகிறார். 'கார் பேச வந்த இடத்தில் கண்ணீர்க் கதை எதற்கு?' என்று கேட்டிருந்தார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பக்கத்தைப் புரட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். 'காரே இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்து கதை அளக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வந்துபோனது எங்கள் கூட்டத்துக்குத்தான். நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அப்பா விட்டுப்போன 1958 மோரிஸ் மைனரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் பெண்கள் என்று பார்த்தால் நானும் இன்னொரு சகோதரியும்தான். என்னைவிட வயதில் பெரியவர்களும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில், மற்றவர்கள் எழுதத் தயங்குவதை நான் எழுதிவிடுகிறேன்.

கார் இல்லாத அந்த மனிதரிடம் ஒரு காலத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் இன்றும் பீட்டில்காரர்தான். வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு வீட்டில் விற்கக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாக விற்றார், காரைத் தவிர. அவருடைய மனைவி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னபோது என் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எனக்குத் தெரிந்தது முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும்தான். மோரிஸ் மைனரின் முன் சக்கரத்துக்குப் பின்னால் ட்ரன்னியன் என்று ஒரு மரைப்பாகம் உண்டு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது அதற்கு கிரீஸ் அடித்தாக வேண்டும். அடிக்காமல் விட்டால் ஒருநாள் மரை தேய்ந்து கழன்று, சக்கரம் மடங்கி, வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். அந்த வேலையைச் செய்துகொண்டேதான் சொன்னார். "உங்க வீட்டம்மா செய்யறதுதான் சரி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அந்தத் துணியைக் கொடுங்க டீச்சர்" என்று கை மட்டும் வெளியே வந்தது.

சில நாளிலேயே காரை விற்றுவிட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அடுத்த கூட்டத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார், தோளில் டூல்ஸ் பையோடு. அன்று முதல் பஸ்தான். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்: அவர் கை படாத வண்டி எங்கள் கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கதை அளக்கிறார் என்று எழுதிய வாசகருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லைதான்.

இந்தக் கதைகள் எப்படி வருகின்றன என்பதும் அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். பீட்டில் காற்றால் குளிரும் என்ஜின். அதற்கு வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் மயிரிழை இடம், வைப்பதென்றால் என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு வைத்தால் அளவு தப்பிவிடும். கூட்டத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டு, உடனே இடைவெளி பாருங்கள் என்றால் எப்படிப் பார்ப்பது? காத்திருக்க வேண்டும். பீட்டிலுக்கு என்ஜின் பின்னால்தான், அந்தப் பின்பக்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு நாலைந்து பேர் சுற்றி நிற்பார்கள். என்ஜின் ஆறும்வரை என்னதான் செய்வது? அப்போதுதான் பேச்சு வருகிறது. அதுவும் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஃபேன் பெல்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் எத்தனையோ நடத்தியிருக்கிறேன். அம்மாக்கள் பேசுவார்கள், அப்பாக்கள் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அப்பாக்களில் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். அவர் மகன் என்னிடம் மூன்று வருடம் படித்தவன். அந்தப் பையனைப் பற்றி அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது, என் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஃபியட் 1100 வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகளுக்கு ஆபரேஷன் என்று வந்தபோது விற்றுவிட்டார். மகன் சம்பாதிக்க ஆரம்பித்ததும் பழைய ஆர்.சி. நகலை வைத்துக்கொண்டு தேடினார். கைமாறிக் கைமாறி, கடைசியில் ஒரு மரத்தடியில் என்ஜின் இல்லாமல் நின்றது. சேஸிஸ் எண் துருவேறிப் படிக்கக்கூட முடியவில்லையாம். டேஷ்போர்டின் ஓரத்தில், வாடகை மீட்டர் பொருத்தியிருந்த இடத்தில், நான்கு திருகுத் துளைகள். அதில் ஒன்று கோணலாக இருக்கும். அதைப் போட்டது அப்பா, பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது இவர். அந்தக் கோணல் துளையில் விரலை வைத்துப் பார்த்துத்தான் இது நம் வண்டி என்று தெரிந்துகொண்டார்.

எல்லாம் செய்து, பெயின்ட் அடித்து, வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்பா கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்று நினைப்பீர்கள். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நம்ம கலர் இது இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தம்பிக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. கூட்டத்தில் இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும் கியர் நெம்புகோலை எப்படிப் போட்டால் கிர்ரென்று சத்தம் வராது என்று எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். நிறம் தப்பு என்பதில் மட்டும் அவர் இறங்கி வரவேயில்லை.

சரி, காரையும் கதையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாமே என்கிறார் வாசகர். என் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்ட வேண்டும் போலிருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பெட்ரோல், ஆயில், மைல் கணக்கு எல்லாவற்றையும் அப்பா அதில் எழுதி வந்தார். டைரி என்று தனியாக ஒன்று அவரிடம் கிடையாது. அதனால் இரண்டும் ஒரே வரியில் வரும். 'ஆயில் மாற்றினேன். சின்னவளுக்கு அம்மை.' அந்தச் சின்னவள் நான். 'பின் டயர் இரண்டும் புதிது. வேலை போயிற்று.' எதிலும் ஒரு ஆச்சரியக்குறிகூடக் கிடையாது. அம்மா இறந்த நாளுக்கு உள்ள பதிவு இதுதான்: 'போக 11 மைல். வர 11 மைல்.' மறுநாள்: 'ரேடியேட்டருக்குத் தண்ணீர்.' அவ்வளவுதான். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன மைலை எழுதியவர், திரும்பி வந்த மைலையும் தவறாமல் எழுதியிருக்கிறார். இதில் எது கார், எது கதை என்று பிரித்துக் கொடுக்க என்னால் முடியவில்லை.

பிரிக்க முடியாது என்பதற்கு வண்டியின் உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. மோரிஸ் மைனரின் பானெட்டைப் பார்த்தால் நடுவில் நீளவாக்கில் தட்டையான ஒரு பட்டை ஓடும். அழகுக்கு வைத்தது அல்ல. 1948இல் இந்தக் கார் வெளியாவதற்குக் கொஞ்சம் முன்னால், இதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸுக்கு வண்டி ஒடுக்கமாகத் தோன்றியது. மாதிரி வண்டியை நடுவில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பம்பர்கள் ஏற்கெனவே தயாராகிவிட்டதால், ஆரம்பகால வண்டிகளில் பம்பரையும் வெட்டி நடுவில் ஒட்டுத்துண்டு வைத்தார்கள். முதலாளி வில்லியம் மோரிஸுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை, உடைத்து வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்று கேலி செய்தார். பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரை அதுதான் பிறகு எடுத்தது.

அந்த இசிகோனிஸ் யார்? ஸ்மிர்னா என்ற துறைமுக நகரத்தில் 1906இல் பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மிர். குடும்பத்துக்கு அங்கே சொந்தமாக ஒரு பொறியியல் பட்டறை இருந்தது. 1922இல் போர் அந்த ஊரை விழுங்கியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி மால்டாவுக்குப் போனார்கள். அங்கேயே அப்பா இறந்துபோனார். பதின்ம வயதுப் பையனும் அம்மாவும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். பொறியியல் படிப்பில் கணக்குத் தேர்வில் அவர் மூன்று முறை தோற்றார். கணக்கு டீச்சரான என் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்ய! பின்னால் 1959இல் மினி காரையும் வடிவமைத்தவர் இவர்தான்.

ஒருநாள் கூட்டத்தில் பானெட்டின் அந்தப் பட்டையை விரலால் தடவிக் காட்டி இதைச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களோடு ஓர் இளைஞர் உண்டு. சின்ன வயதில் அம்மாவோடு நாடுவிட்டு வந்தவர். வருவார், ஓரமாக நிற்பார், வண்டிகளைத் துடைத்துக் கொடுப்பார், போய்விடுவார். அன்று அவர்தான் கேட்டார்: "அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க டீச்சர்?" மகனோடேயே இருந்தார், 1972இல் இறக்கும்வரை என்றேன். "கடைசிவரைக்கும் கூடவேவா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் தன் கதையைச் சொன்னார். அது அவர் கதை, இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் கார்புரேட்டர் பேச்சைக் கெடுத்துவிட்டாரே என்று தோன்றவில்லை.

கார் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே இது இப்படித்தான். கார்ல் பென்ஸ் 1886இல் காருக்குக் காப்புரிமை வாங்கினார், பாடப் புத்தகத்தில் அது இருக்கிறது. அதற்கு முன்பு அவர் தொழில் முழுகப்போன நேரத்தில், கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி அதில் போட்டவர் பெர்த்தா. கார் வந்த பிறகும் வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். எரிபொருள் போகும் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வழியில் ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே ஒரு பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போன கதைதான் ஐயா. இதிலிருந்து குடும்பத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு தொப்பி ஊசி.

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். இதில் வாசகர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. சில காலம் முன்பு ஒருவர் நல்ல வண்டி ஒன்றில் வந்துபோய்க்கொண்டிருந்தார். முதலில் தன் நோய் குணமான கதையைச் சொன்னார், கேட்டோம். பிறகு எல்லோரையும் தன் ஜெபத்துக்குக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம், உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொன்னார். அன்றோடு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஜெபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கும் எங்கள் சகோதரிதான் முதலில் எழுந்து சொன்னது. தனக்கு நடந்ததைச் சொல்லலாம், அடுத்தவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று சொல்லக்கூடாது என்று அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது.

அந்தப் பழக்கத்துக்குள் எல்லோரும் அடங்கிவிடுகிறோம். ஒருவர் டேஷ்போர்டில் பிள்ளையார் இருக்கும். லேண்ட் ரோவர் பாய் தொழுகை விரிப்பைப் பின் சீட்டில் மடித்து வைத்திருப்பார். நேரமானால் வண்டி நிழலில் விரித்துவிடுவார், நாங்கள் அதுவரை என்ஜினை ரேஸ் பண்ண மாட்டோம். மினி வைத்திருக்கும் அண்ணன் எதையும் நம்பாதவர். எல்லோரையும் கிண்டல் செய்வார். பாய் வண்டியில் எண்ணெய் ஒழுகுவதுதான் அவருடைய தினசரிக் கிண்டல். பழைய லேண்ட் ரோவரில் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தமாம்.

பாயின் பேத்தி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த வாரம் அவரவர் முறையில் வேண்டிக்கொண்டோம். மினி அண்ணன் பாயிடம் போனார். "எனக்குக் கும்பிடத் தெரியாது பாய், சாவியைக் கொடுங்க" என்றார். ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும் வண்டி, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறது என்பதை அவர் முன்பே பார்த்து வைத்திருக்கிறார். நான்கு சக்கரத்தையும் கழற்றி, ஹோஸ்களை மாற்றி, பெடலை மிதித்துக்கொண்டிருக்க பீட்டில்காரரைக் கூப்பிட்டு, பிரேக் குழாயில் புகுந்த காற்றெல்லாம் எடுத்து விடிவதற்குள் கொண்டுபோய் விட்டார்கள். பேத்தி வீடு திரும்பினாள். ஒரு காது மட்டும் சரியாகக் கேட்காது. அல்லாஹ் காப்பாற்றினான் என்கிறார் பாய். டாக்டர் காப்பாற்றினார் என்கிறார் அண்ணன். ஒவ்வொரு மாதமும் இந்த வழக்கு நடக்கிறது. நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மோட்டார் பக்கத்தில் மைலேஜ் வருகிறது, திரையின் அளவு வருகிறது, சீட்டில் ஊதும் காற்று வருகிறது. வரட்டும், வாங்குகிறவர்களுக்கு வேண்டும். அதே பக்கத்தில் ஒரு மூலையை, ஒரே வண்டியைப் பல வருடம் வைத்திருந்தவர்களுக்கும் வைத்திருக்க முடியாமல் விற்றவர்களுக்கும் ஒதுக்குங்கள். பெரிய எழுத்தாளர் யாரும் வேண்டாம். என் அப்பா எழுதியதைப் போல இரண்டு வரி போதும்.

கடைசியாக அந்த வாசகருக்கு. உங்கள் ட்ரையம்ஃப் ஹெரால்டு சூடானதும் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது, இதற்கு யாரும் வழி சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை நின்றவுடனே ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின் மேல் வைத்து, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்ற விட்டுப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொறி மஞ்சளாக, பலமில்லாமல் வந்தால் கோளாறு பொறியை உண்டாக்கும் காயிலில் அல்லது கண்டென்சரில். நீலமாகப் பளிச்சென்று வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். ஹெரால்டில் பம்ப் என்ஜினோடேயே ஒட்டியிருக்கும், சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். எதுவென்று பார்த்துக்கொண்டு வண்டியோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். பீட்டில்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் பையில் கண்டென்சர் ஒன்று இருக்கிறதாம். காலை பஸ் கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். அதுவரை என்ஜின் ஆறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர்